ஒரே பாறை, நான்கு ஒப்பந்தங்கள்: கட்டுமான ஒப்பந்தப் படிவங்களை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில், விலை பேசப்பட்ட பொருள் இன்னும் உருவாகியிருப்பதில்லை. வரைபடங்களும், அளவுப் பட்டியலும், ஒரு தொகையும், ஒரு முடிவுத் தேதியும் மட்டுமே இரு தரப்பாரின் கையிலும் இருக்கும். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அடுத்த ஆண்டு மழை எப்படிப் பெய்யும், இரும்புக் கம்பியின் விலை எங்கே போய் நிற்கும், உரிமையாளர் பாதி வேலையில் திட்டத்தை மாற்றுவாரா என்பவை எல்லாம் அன்று எவருக்கும் தெரியாது. ஆகவே, கட்டுமான ஒப்பந்தத்தின் பெரும்பகுதி, நினைத்தபடி வேலை நடக்காதபோது எந்தச் சுமை யாருடையது, அதை யார் யாருக்கு எத்தனை நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவேண்டும் என்பதையே பேசுகிறது.

இந்தக் கேள்விகள் எல்லாத் திட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே எழுவதால், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொண்டிராமல், தொழில் அமைப்புகள் முன்கூட்டியே எழுதி வெளியிட்டுள்ள மாதிரி ஒப்பந்தப் படிவங்களைப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. படிவத்தின் பெரிய நன்மை அதன் சொற்கள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை என்பதாகும். பல ஆண்டுகளாகப் பல நாடுகளின் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் அந்தச் சொற்களுக்குப் பொருள் கண்டிருக்கிறார்கள். விலைப்புள்ளி கொடுக்கும் ஒப்பந்ததாரர், பழக்கமான படிவம் என்றால் இடரை ஓரளவு சரியாகக் கணக்கிடுவார். பழக்கமில்லாத ஒப்பந்தம் என்றால், தெரியாத ஆபத்துக்காகவும் சேர்த்துத் தொகையை உயர்த்துவார்.

புதிதாக இத்துறைக்கு வருபவர் பெரும்பாலும் படிவங்களின் பெயர்களையும் பிரிவு எண்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு: ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அது ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்பது. இந்தக் கட்டுரையும் அந்த வழியிலேயே செல்லும். அதற்கு முன்பு, பரவலாகப் பயன்படும் நான்கு படிவக் குடும்பங்களை அறிமுகம் செய்துகொள்வது அவசியம்.

பன்னாட்டுத் திட்டங்களில் அதிகம் தென்படுவது ஃபிடிக். ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இது 1913இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. இதன் முதல் ஒப்பந்தப் படிவம் 1957இல் வெளியாயிற்று. சிவப்பு அட்டையோடு வந்ததால் சிவப்புப் புத்தகம் என்ற பெயர் நிலைத்தது. பின்னர் வந்த படிவங்களும் அட்டையின் நிறத்தாலேயே அறியப்படுகின்றன. உரிமையாளர் தரப்பு வடிவமைத்ததை ஒப்பந்ததாரர் கட்டித் தருவது சிவப்புப் புத்தகம். வடிவமைப்பையும் ஒப்பந்ததாரரே செய்வது மஞ்சள் புத்தகம். சாவியைக் கையில் கொடுக்கும் நிலைவரை எல்லாவற்றையும் ஒப்பந்ததாரரே ஏற்கும் டர்ன்கீ திட்டங்களுக்கு உரியது வெள்ளிப் புத்தகம். இந்த மூன்றும் 1999இல் ஒரே அமைப்பில் எழுதி வெளியிடப்பட்டன. இரண்டாம் பதிப்பு 2017இல் வந்தது. சிறு பணிகளுக்கான பச்சைப் புத்தகமும், சுரங்கப் பாதை போன்ற நிலத்தடிப் பணிகளுக்காக 2019இல் வந்த மரகதப் புத்தகமும் இதே வரிசையைச் சேர்ந்தவை. 1999 பதிப்பு இன்றும் பல இடங்களில் புழக்கத்தில் இருப்பதால், எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஃபிடிக் பற்றிப் பேசுவது வீண்.

இரண்டாவது குடும்பம், புதிய பொறியியல் ஒப்பந்தம் என்று பொருள்படும் என்.இ.சி. இதைப் பிரிட்டனின் சிவில் பொறியாளர்கள் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு, பிரிட்டிஷ் கட்டுமானத் துறையின் ஓயாத சச்சரவுகளை ஆராய்ந்த சர் மைக்கேல் லேதமின் அறிக்கை, இப்படிவத்தின் அணுகுமுறையைப் பரிந்துரைத்தது. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்களுக்கு இதன் மூன்றாம் பதிப்பு பயன்பட்டது. நான்காம் பதிப்பு 2017இல் வந்தது. மற்றப் படிவங்கள் தகராறு வந்தபின் எடுத்துப் படிக்கும் சட்ட ஆவணத்தின் சாயலில் எழுதப்பட்டிருக்க, என்.இ.சி. அன்றாடம் வேலையை நடத்தும் கையேட்டின் சாயலில், எளிய நிகழ்கால வாக்கியங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, 1931இல் நிறுவப்பட்ட ஜே.சி.டி. என்னும் கூட்டு அமைப்பின் படிவங்கள். இங்கிலாந்தின் கட்டடப் பணிகளில் இவையே நெடுங்காலமாக முதன்மையானவை. சிறு பணி, இடைநிலைப் பணி, பெரிய கட்டடம், வடிவமைப்பும் கட்டுமானமும் சேர்ந்த பணி என்று தனித்தனிப் படிவங்கள் உண்டு; அண்மைப் பதிப்பு 2024ஆம் ஆண்டுக்கு உரியது. நான்காவது, அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கமான ஏ.ஐ.ஏ.வின் ஆவணங்கள்; அவற்றில் ஏ201 என்னும் பொது நிபந்தனைத் தொகுப்புதான் மையம். அது பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இங்கே 2017 பதிப்பை வைத்துப் பேசுகிறேன்.

எந்தப் படிவமாக இருந்தாலும் முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: வடிவமைப்பது யார்? விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வடிவமைப்பவரிடமே வடிவமைப்பின் தவறும் இருக்கும் என்பது எளிய விதி. சிவப்புப் புத்தகத்தில் வரைபடம் தவறென்றால் அது உரிமையாளரின் சுமை. மஞ்சள் புத்தகத்தில் ஒப்பந்ததாரரின் சுமை. அதோடு, மஞ்சள் புத்தகத்தின்படி கட்டி முடிக்கப்பட்டது அதன் நோக்கத்துக்கு ஏற்றதாக இருந்தாகவேண்டும். கவனத்தோடும் திறமையோடும் வடிவமைத்தேன் என்று சொல்வது அங்கே போதாது; நாளொன்றுக்கு இவ்வளவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் என்று எழுதியிருந்தால், அவ்வளவு நீரை அது சுத்திகரிக்கவேண்டும்.

விலை முறையில் முக்கியமானவை மூன்று. முதலாவது அளவீட்டு முறை: அளவுப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அலகு விலை இருக்கும், உண்மையில் செய்த அளவை அளந்து பணம் தரப்படும். சிவப்புப் புத்தகம் இந்த முறையைச் சேர்ந்தது. அளவு கூடினால் தொகை கூடும் என்பதால், அளவு மாறும் இடர் உரிமையாளருடையது. இரண்டாவது மொத்தத் தொகை முறை: மஞ்சள், வெள்ளிப் புத்தகங்களில் ஒரே தொகைதான், அளவுகளைத் தவறாகக் கணக்கிட்டிருந்தால் ஒப்பந்ததாரர் தாங்கிக்கொள்ளவேண்டும். மூன்றாவது, செலவை அடிப்படையாகக் கொண்ட முறை. இதன் சிறந்த வடிவத்தை என்.இ.சி.யில் காணலாம். அந்தப் படிவம் ஏ முதல் எஃப் வரை ஆறு முதன்மைத் தெரிவுகளைத் தருகிறது. ஏ, பி இரண்டும் விலை நிர்ணயித்தவை, சி, டி இரண்டும் இலக்குச் செலவு, ஈ முழுச் செலவைத் திருப்பித் தருவது, எஃப் மேலாண்மை ஒப்பந்தம்.

இலக்குச் செலவு முறையைச் சற்று விளக்கவேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இலக்கு 100 என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரருக்கு வேலையின் உண்மையான செலவும் ஒப்புக்கொண்ட கட்டண விகிதமும் அவ்வப்போது தரப்படும். முடிவில் மொத்தம் 90 என்று வந்தால், மிச்சமான 10ஐ முன்பே எழுதிய விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். 110 என்று வந்தால், கூடுதலான 10இன் சுமையையும் அதேபோலப் பகிர்ந்துகொள்கிறார்கள். செலவு குறைந்தால் இருவருக்கும் ஆதாயம் என்பதால், கணக்கை மறைப்பதற்கான காரணம் குறைகிறது. ஆனால், உரிமையாளர் தரப்பில் செலவுக் கணக்கைத் தொடர்ந்து சரிபார்க்கத் தகுந்த ஆட்கள் இல்லையென்றால், இந்த முறை நன்மை தராது என்பதே என் கருத்து.

இனி அந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். அடித்தளம் தோண்டுகிறார்கள். மண் ஆய்வு அறிக்கை களிமண் என்று சொன்ன இடத்தில் கடினமான பாறை வருகிறது. உடைக்க வேறு இயந்திரம் வேண்டும், இரண்டு மாதம் கூடுதலாகும், செலவும் ஏறும். இதை யார் ஏற்பது?

சிவப்பு, மஞ்சள் புத்தகங்கள் இரண்டிலும் பதில் 4.12ஆம் பிரிவில் இருக்கிறது. அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் ஒருவர் விலைப்புள்ளி கொடுக்கும் கட்டத்தில் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத நில நிலைமை என்றால், அவருக்குக் கால நீட்டிப்பும் கூடுதல் செலவும் கிடைக்கும், இலாபம் கிடைக்காது. வெள்ளிப் புத்தகத்தில் அதே 4.12 நேர் எதிராகப் பேசுகிறது: எதிர்பார்த்ததோ எதிர்பாராததோ, எல்லா இடர்ப்பாடுகளையும் ஒப்பந்ததாரர் முன்பே கணக்கில் கொண்டதாகக் கருதப்படுவார். ஒரே எண், ஒரே வரிசை, இரு வேறு உலகங்கள். நிலத்தை ஆராயப் போதிய அவகாசம் ஒப்பந்ததாரருக்கு இல்லாத பணிகளுக்கும், நிலத்தடி வேலை மிகுந்த பணிகளுக்கும் வெள்ளிப் புத்தகம் பொருந்தாது என்று ஃபிடிக்கே அதன் முன்னுரையில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல், உரிமையாளருக்கு நிம்மதி என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பது வருத்தத்துக்குரிய வழக்கம். அந்த நிம்மதியின் விலை ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே ஏறியிருக்கும்.

என்.இ.சி.யின் நான்காம் பதிப்பில் இது 60.1ஆம் பிரிவின் 12ஆவது இழப்பீட்டு நிகழ்வு, அதாவது ஒப்பந்ததாரருக்குக் காலமும் பணமும் பெற்றுத்தரும் நிகழ்வு. அனுபவமுள்ள ஒப்பந்ததாரர், நிகழ வாய்ப்பு மிகக் குறைவு என்று எண்ணி, அதற்கென ஒதுக்கீடு செய்வதே நியாயமற்றது எனக் கருதியிருக்கக்கூடிய நிலைமையாக அது இருக்கவேண்டும். ஃபிடிக், எதிர்பார்த்திருக்க முடியுமா என்று கேட்கிறது, என்.இ.சி. எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்கிறது. வேறுபாடு சிறியதாகத் தெரிந்தாலும், பாறை வரலாம் என்று ஓரளவு தெரிந்திருந்த இடங்களில் முடிவு இதனால் மாறக்கூடும்.

ஏ.ஐ.ஏ.வின் 3.7.4ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: மறைந்திருந்த நிலைமை ஒப்பந்த ஆவணங்கள் காட்டியதிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தால், அல்லது அத்தகைய பணிக்கு வழக்கமில்லாத தன்மை கொண்டிருந்தால், அந்த இடத்தைக் கலைப்பதற்கு முன்பும், முதலில் கண்ட 14 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும். ஜே.சி.டி. படிவங்களிலோ எதிர்பாராத நில நிலைமைக்கெனப் பொதுவான பிரிவு எதுவும் இல்லை. மாசுபட்ட மண், ஆஸ்பெஸ்டாஸ், வெடிக்காத குண்டு போன்றவை 2024 பதிப்பில் இடம்பெற்றுள்ளன. சாதாரணப் பாறை அந்தப் பட்டியலில் இல்லை. அளவுகள் மறு அளவீட்டுக்கு உட்பட்டிருந்தாலன்றி, அந்தப் பாறை பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் தலையிலேயே விழும். படிவம் மௌனமாக இருந்தால் யாருக்கும் சுமை இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. வேலையை முடித்துத் தருவதாக வாக்களித்தவரிடமே அது தங்கும்.

அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் என்ற அந்தக் கற்பனை மனிதரின் அறிவு எவ்வளவு என்பதற்கு ஜிப்ரால்டர் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் ஒரு சுரங்கச் சாலை அமைக்கும் பணி, 1999 மஞ்சள் புத்தகத்தின் அடிப்படையில் ஒரு ஸ்பானிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் முடியவேண்டிய வேலை, இரண்டரை ஆண்டுக்குப் பின்னும் கால்பங்கைச் சற்றே தாண்டியிருந்த நிலையில் ஒப்பந்தம் முறிந்தது. மாசுபட்ட மண்ணும் பாறையும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது ஒப்பந்ததாரரின் வாதம். 2014இல் தீர்ப்பளித்த ஆங்கிலேய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நிலத்தின் நெடிய இராணுவ வரலாற்றையும் ஆய்வு அறிக்கைகளையும் பார்த்த அனுபவசாலி, உரிமையாளர் தந்த தரவுகளோடு நின்றுவிடாமல் தாமே மதிப்பிட்டிருப்பார் என்றது. மேல்முறையீட்டிலும் அந்த முடிவு நிலைத்தது. ஆய்வு அறிக்கையில் இல்லை என்பதும் எதிர்பார்த்திருக்க முடியாது என்பதும் ஒன்றல்ல.

பாறைக்குப் பதில் மழை என்று மாற்றிப் பாருங்கள். படிவங்களின் உள்ளமைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். சிவப்புப் புத்தகத்தில் அசாதாரணமான மோசமான வானிலைக்குக் காலம் மட்டும் கிடைக்கும், பணம் கிடையாது. உரிமையாளர் தரப்புப் பொறியாளர் வரைபடத்தைத் தாமதமாகக் கொடுத்தால் காலமும் செலவும் இலாபமும் சேர்ந்து கிடைக்கும். பாறைக்குக் காலமும் செலவும் என்று மேலே பார்த்தோம். இந்த மூன்று படிகளுக்கும் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வானிலை யாருடைய தவறும் அல்ல, ஆகவே இரு தரப்பும் தத்தம் இழப்பைத் தாங்குகின்றன. நிலம் உரிமையாளருடையது, ஆனால் அவர் தவறு செய்யவில்லை, ஆகவே செலவை மட்டும் தருகிறார். வரைபடத் தாமதம் உரிமையாளர் தரப்பின் தவறு, ஆகவே இலாபத்தையும் தருகிறார். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால், ஃபிடிக்கின் பல பிரிவுகளைப் படிக்கும்போதே அடுத்த வரி என்ன சொல்லும் என்று ஊகிக்க முடியும்.

ஜே.சி.டி. இதையே இரண்டு தனிப் பட்டியல்களாக வைத்திருக்கிறது. ஒன்று கால நீட்டிப்புக்குரிய நிகழ்வுகளின் பட்டியல், மற்றொன்று இழப்பும் செலவும் கோருவதற்குரிய காரணங்களின் பட்டியல். மோசமான வானிலை முதல் பட்டியலில் மட்டும் இருக்கும். வரைபடத் தாமதம் இரண்டிலும் இருக்கும். என்.இ.சி. இந்தப் பிரிவினையையே கைவிட்டுவிட்டது. அங்கே ஒரு நிகழ்வு இழப்பீட்டு நிகழ்வு என்றால், காலமும் பணமும் ஒரே நடைமுறையில் ஒன்றாகவே மதிப்பிடப்படும். மழையும் அப்படித்தான், ஆனால் அதற்குக் கடுமையான அளவுகோல் உண்டு. ஒரு மாதத்தில் பதிவான வானிலை அளவு, பழைய பதிவுகளின்படி சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறையைவிட அரிதாக நிகழ்வதாக இருந்தால்தான் கணக்கில் வரும். அசாதாரணம் என்றால் என்ன என்று தளத்தில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ஒரு வானிலை நிலையத்தின் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

கால நீட்டிப்பு என்பது ஒப்பந்ததாரருக்குக் காட்டும் சலுகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்ட வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. ஆங்கிலேயச் சட்டத்தின்படி, உரிமையாளரே தாமதத்துக்குக் காரணமாக இருந்து, அதற்கெனக் காலத்தை நீட்டும் வழி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், முடிவுத் தேதியே செல்லாமல் போய்விடும். ஒப்பந்ததாரர் நியாயமான காலத்துக்குள் முடித்தால் போதும். நாளுக்கு இவ்வளவு என்று எழுதிய தாமத இழப்பீட்டையும் உரிமையாளர் வசூலிக்க முடியாது. 1970இல் தீர்ப்பான பீக் எதிர் மெக்கின்னி வழக்கு இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம். அங்கே அடித்தளத் தூண்களில் குறைபாடு ஏற்படுத்தியவர் துணை ஒப்பந்ததாரர்தான். ஆனால் அதன்பின் முடிவெடுக்க உரிமையாளர் தரப்பு நீண்ட காலம் எடுத்துக்கொண்டதால், தாமத இழப்பீட்டு உரிமையே போயிற்று. ஆகவே, கால நீட்டிப்புப் பிரிவு முதலில் காப்பது உரிமையாளரின் முடிவுத் தேதியையே. அந்தப் பிரிவை வெட்டிச் சுருக்கும் உரிமையாளர் தம் உரிமையைத் தாமே வெட்டுகிறார்.

தாமத இழப்பீடு என்பது, வேலை தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அல்லது வாரத்துக்கும் முன்பே எழுதிவைத்த தொகை. ஃபிடிக்கில் இதற்கு உச்சவரம்பு குறிப்பது வழக்கம். என்.இ.சி.யில் தாமத இழப்பீடும், பில் தொகையில் பிடித்துவைக்கும் பிடித்தத் தொகையும் தாமாக வராது. எக்ஸ் வரிசையிலுள்ள துணைத் தெரிவுகளில் அவற்றைத் தேர்ந்தெடுத்தால்தான் ஒப்பந்தத்தில் இடம்பெறும். மற்றப் படிவங்களிலிருந்து என்.இ.சி.க்கு மாறுபவர்கள் இதைக் கவனிக்கத் தவறினால் பின்னர் திருத்த முடியாது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: அறிவிப்பு. பாறை வந்தது உண்மை, அதை எதிர்பார்த்திருக்க முடியாது என்பதும் உண்மை, செலவானதும் உண்மை. ஆனாலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம். ஃபிடிக்கில், நிகழ்ச்சியை அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால், காலமும் கிடையாது, பணமும் கிடையாது. 1999 பதிப்பில் 20.1ஆம் பிரிவு இதை ஒப்பந்ததாரருக்கு மட்டும் விதித்தது. 2017 பதிப்பின் 20.2ஆம் பிரிவு உரிமையாளரின் கோரிக்கைகளையும் இதே கெடுவுக்குள் கொண்டுவந்தது, இது நியாயமான மாற்றம். விவரமான கோரிக்கையைக் கொடுக்கும் கெடு, முந்தைய பதிப்பில் 42 நாள், புதிய பதிப்பில் 84 நாள். என்.இ.சி.யில் அறிவிப்புக்கு எட்டு வாரம். உரிமையாளர் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் திட்ட மேலாளரின் உத்தரவால் எழுந்த நிகழ்வுகளுக்கு மட்டும் இந்தக் கெடு பொருந்தாது. ஏ.ஐ.ஏ.வில் பொதுவான கோரிக்கைகளுக்கு 21 நாள். ஜே.சி.டி.யில் தாமதம் தெரிந்தவுடன் தெரிவிக்கவேண்டும் என்று இருந்தாலும், நாள் எண்ணி உரிமையை அழிக்கும் கடுமை இல்லை.

28 நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பாறையைக் கண்ட நாளா, வேலை உண்மையில் தாமதமாகத் தொடங்கிய நாளா? மேலே சொன்ன ஜிப்ரால்டர் வழக்கில், தாமதம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்தும் எண்ணலாம், தாமதம் தொடங்கியதிலிருந்தும் எண்ணலாம் என்று நீதிபதி தாராளமாகவே பொருள் கொண்டார். ஆனால் அந்தத் தாராளத்தை நம்பி இருப்பது பாதுகாப்பானதல்ல. அறிவிப்பு என்பது சண்டைக்கான அழைப்பு என்று கருதி, உறவு கெட்டுவிடும் என்ற தயக்கத்தில் பல தளங்களில் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அறிவிப்பின் உண்மையான பயன் எதிர்த்தரப்புக்கு உடனே தெரிவிப்பதுதான். பாறை கண்ணுக்குத் தெரியும்போதே உரிமையாளர் வந்து பார்க்கலாம், அடித்தளத்தின் வடிவமைப்பை மாற்றலாம், செலவைக் குறைக்கலாம்.

இந்த எண்ணத்தையே என்.இ.சி. முன்னெச்சரிக்கை என்ற கடமையாக ஆக்கியிருக்கிறது. விலையைக் கூட்டக்கூடிய, பணி நிறைவைத் தாமதப்படுத்தக்கூடிய எதையும், அறிந்தவுடன் ஒப்பந்ததாரரும் திட்ட மேலாளரும் ஒருவருக்கொருவர் தெரிவித்து, பதிவேட்டில் ஏற்றி, கூடிப் பேசவேண்டும். ஒப்பந்ததாரர் எச்சரிக்கத் தவறினால், எச்சரித்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ அவ்வளவே அவருக்குக் கிடைக்கும். அதேபோல, பணி அட்டவணையும் இங்கே வெறும் சுவரொட்டி ஆகாது. முதல் அட்டவணையைச் சமர்ப்பிக்கும்வரை ஒப்பந்ததாரருக்குச் சேரவேண்டிய தொகையில் கால்பங்கு நிறுத்திவைக்கப்படும். இழப்பீட்டு நிகழ்வுக்கான மதிப்பீட்டை ஒப்பந்ததாரர் மூன்று வாரத்தில் கொடுக்கவேண்டும். திட்ட மேலாளர் இரண்டு வாரத்தில் பதிலளிக்கவேண்டும். நினைவூட்டிய பின்னும் மௌனமாக இருந்தால் அந்த மதிப்பீடு ஏற்கப்பட்டதாகிவிடும். ஒவ்வொரு சிக்கலையும் அது நடந்த காலத்திலேயே தீர்த்துவிடும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால், வாரந்தோறும் எழுதவும் பதிலளிக்கவும் ஆட்கள் இல்லாத சிறு நிறுவனங்களுக்கு இது தாங்கமுடியாத சுமை என்பதையும் மறைக்கக்கூடாது.

இந்த முடிவுகளை எடுப்பவர் யார் என்பதும் படிவத்துக்குப் படிவம் மாறுகிறது. சிவப்பு, மஞ்சள் புத்தகங்களில் பொறியாளர். அவர் உரிமையாளரால் அமர்த்தப்பட்டவர் என்றாலும், கோரிக்கைகளைத் தீர்மானிக்கும்போது இரு தரப்புக்கும் நடுநிலையாக நடக்கவேண்டும் என்று 2017 பதிப்பின் 3.7ஆம் பிரிவு சொல்கிறது. உடன்பாட்டுக்கு 42 நாள், அது கைகூடாவிட்டால் தீர்மானத்துக்கு இன்னொரு 42 நாள். வெள்ளிப் புத்தகத்தில் பொறியாளரே இல்லை, உரிமையாளரின் பிரதிநிதி மட்டுமே. என்.இ.சி. அந்தப் பொறுப்பைத் திட்ட மேலாளருக்கும் தரத்தைப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஜே.சி.டி.யிலும் ஏ.ஐ.ஏ.விலும் கட்டடக் கலைஞரே பொதுவாக அந்த இடத்தில் இருப்பவர்.

பணம் தரும் கெடுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃபிடிக்கில் பொறியாளர் 28 நாளுக்குள் சான்றளிப்பார். ஒப்பந்ததாரரின் பில் கிடைத்த நாளிலிருந்து 56 நாளுக்குள் பணம் தரப்படவேண்டும். என்.இ.சி.யில் மதிப்பிடும் நாளிலிருந்து ஒரு வாரத்தில் சான்று, மூன்று வாரத்தில் பணம். தினசரிக் கூலியும் பொருள் கொள்முதலும் நடத்தவேண்டிய ஒப்பந்ததாரருக்கு இந்த ஐந்து வார வேறுபாடு சிறியதல்ல.

இவ்வளவுக்குப் பின்னும் உடன்பாடு வரவில்லை என்றால் தகராறு. நேரே நீதிமன்றம் செல்வதற்குள் பணி முடிந்து இயந்திரங்களும் போய்விடும் என்பதால், எல்லாப் படிவங்களும் இடையில் ஒரு விரைவான படியை வைத்திருக்கின்றன. ஃபிடிக்கின் தகராறுத் தவிர்ப்பு மற்றும் தீர்ப்பு வாரியம், 2017 பதிப்பின்படி வேலையின் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டு, தளத்தை அவ்வப்போது பார்த்து வருகிறது. தகராறு முன்வைக்கப்பட்டால் 84 நாளில் முடிவு சொல்கிறது. அந்த முடிவு பிடிக்காதவர் 28 நாளுக்குள் எழுதித் தெரிவிக்காவிட்டால் அதுவே இறுதி. தெரிவித்தால் நடுவர் தீர்ப்பாயம் வரை செல்லலாம். ஆனால் அதுவரை அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டே நடக்கவேண்டும். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான கட்டுமான ஒப்பந்தங்களில் 28 நாளில் தீர்ப்புச் சொல்லும் அட்ஜூடிகேஷன் முறையை எந்த நேரத்திலும் நாடும் உரிமையைத் தந்திருக்கிறது, ஜே.சி.டி.யும் அங்கே பயன்படும் என்.இ.சி.யும் அதற்கு ஏற்ப எழுதப்பட்டுள்ளன. ஏ.ஐ.ஏ.வில், வேறொருவரைக் குறிப்பிடாவிட்டால் கட்டடக் கலைஞரே முதல் முடிவைச் சொல்வார். அடுத்தது சமரசப் பேச்சு.

இதுவரை சொன்னவை எல்லாம் அச்சிட்ட பொது நிபந்தனைகளைப் பற்றியவை. உண்மையான ஒப்பந்தத்தில் அவற்றின்மேல் சிறப்பு நிபந்தனைகள் அமர்ந்திருக்கும். இரண்டும் முரண்பட்டால் சிறப்பு நிபந்தனையே செல்லும். என்.இ.சி.யில் அவை இசட் பிரிவுகள். திட்டத்துக்குத் தேவையான தகவலைச் சேர்ப்பதற்காக ஏற்பட்ட இந்த இடம், பல ஒப்பந்தங்களில் இடரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் இடமாகிவிட்டது. அட்டையில் சிவப்புப் புத்தகம் என்று இருக்கும், உள்ளே 4.12 நீக்கப்பட்டு, 28 நாள் 7 நாளாகச் சுருக்கப்பட்டு, பொறியாளர் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உரிமையாளரின் அனுமதி பெறவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். பெயரை நம்பி விலை கொடுத்தவர் ஏமாறுவார். இந்தப் போக்கைத் தடுக்கவே ஃபிடிக் 2019இல் ஐந்து பொற்கொள்கைகளை வெளியிட்டது. பொது நிபந்தனைகளில் உள்ள இடர்ப் பங்கீட்டின் சமநிலையைச் சிறப்பு நிபந்தனைகள் குலைக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அவை சட்டம் ஆகா. கையெழுத்திட்டபின் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே நிற்கும்.

ஆகவே, புதியவர் ஓர் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால், முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. ஒப்பந்தத் தரவுகள் என்ற பகுதியை முதலில் திறந்து, பதிப்பு, முடிவுத் தேதி, தாமத இழப்பீட்டுத் தொகை, அதன் உச்சவரம்பு, பிடித்த விகிதம், குறைபாடு திருத்தக் காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்தது ஆவணங்களின் முன்னுரிமை வரிசை; வரைபடமும் விவரக்குறிப்பும் முரண்பட்டால் எது செல்லும் என்பது அங்கே இருக்கும். பிறகு சிறப்பு நிபந்தனைகளை, அவை மாற்றும் பொதுப் பிரிவுகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும். நீக்கப்பட்ட வரிகளைச் சேர்க்கப்பட்டவற்றைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டும். கடைசியாக, அறிவிப்புக் கெடுக்கள் அனைத்தையும், அறிவிப்பை யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்த வடிவில் அனுப்பவேண்டும் என்ற விவரத்தோடு ஒரே தாளில் எழுதித் தள அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும். பாறையை முதலில் காண்பவர் தளத்தில் நிற்கும் பொறியாளர்தான் என்பதால், அந்தத் தாள் அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.